மேற்கே கடல், வடக்கே கிப்லா

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு மேற்கு என்றாலே கிப்லாதான். பள்ளிவாசலின் மிஹ்ராபு இருக்கும் பக்கமும், வீட்டில் தொழுகைப் பாய் விரிக்கும் பக்கமும், மாலைச் சூரியன் கரிசல் காட்டுக்கு அப்பால் இறங்கும் பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. நுட்பமாகச் சொன்னால் கிப்லா சற்று வடக்கே சாய்ந்தது. ஆயினும் பேச்சு வழக்கில் மேற்குதான். கடலோ எங்களுக்குத் தென்கிழக்கே வெகு தொலைவில் உள்ளது. திருச்சுழி வழியே செல்லும் குண்டாறு மன்னார் வளைகுடாவை நோக்கிப் போவதாகப் பாடநூலில் படித்தோம். ஆண்டின் பெரும்பகுதி நாங்கள் கண்டதோ மணலும் சீமைக்கருவேலமும்தாம். அமெரிக்கா செல்லும்வரை நான் கடலைப் பார்த்தது ஏர்வாடியில், நன்னியின் விரலைப் பிடித்துக்கொண்டு, இரண்டே முறை.

என்னை அங்கே கொண்டு சேர்த்தது கென்னடி–லூகர் யெஸ் திட்டம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், 2002ஆம் ஆண்டில், அமெரிக்க வெளியுறவுத்துறையின் நிதியில் தொடங்கப்பட்டது அது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பள்ளி மாணவர்கள் ஒரு கல்வியாண்டுக் காலம் அமெரிக்கக் குடும்பம் ஒன்றோடு தங்கிப் படிக்கலாம். ஏற்கும் குடும்பத்தினர் அதற்குக் கூலி பெறுவதில்லை. இதைக் கேட்டபோதுதான் அத்தாவின் முகம் சற்றுத் தெளிந்தது. காசுக்காக அல்லாமல் பிறர் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்பவர்கள் எப்படியும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்றார். தொழுகை, உணவு ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டார்.

நான் தங்கிய வீடு ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரை ஒட்டி இருந்தது. தம்பதியர் இருவரும் தங்களைப் பெயர் சொல்லியே அழைக்கச் சொன்னார்கள். வயதில் மூத்தவர்களைப் பெயர் சொல்லி விளிக்க என் நா எழவில்லை; அங்கிள், ஆன்ட்டி என்றே அழைத்தேன். 2023 மார்ச் கடைசி வாரம் பள்ளிக்கு வசந்தகால விடுமுறை. ரமலான் பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன. எங்களோடு அவர்களுடைய பத்து வயது மகனும் வர, நூற்று முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கேனன் பீச்சுக்குப் புறப்பட்டோம்.

பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு. ஆனால் ஹனஃபி மத்ஹபின்படி, ஃபஜ்ருக்குப் பின் வீட்டிலிருந்து கிளம்புகிறவர் அன்றைய நோன்பை நிறைவு செய்தாக வேண்டும். ஆகவே நோன்போடுதான் கடலைக் கண்டேன். ஆடை விஷயத்தில் ஊரிலிருந்தபடியே அம்மா பட்ட கவலை வீணாயிற்று. மார்ச் மாதத்துப் பசிபிக் நீர் ஏறத்தாழ 10 டிகிரிதான்; கரையில் நின்ற எல்லோருமே கழுத்துவரை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

கரையருகே 235 அடி உயரத்தில் ஒற்றைப் பாறை ஒன்று எழுந்து நிற்கிறது. ஹேஸ்டாக் பாறை என்று அதற்குப் பெயர். வைக்கோற்படப்பு என்று பொருள். கடலைப் பார்க்க அத்தனை தூரம் வந்தும் படப்பைத்தான் பார்க்கிறேனா என்று சிரிப்பு வந்தது.

அந்த மணலில் யாரும் எங்களைத் தடுக்க இயலாது என்றார் அங்கிள். 1966இல் இதே ஊரில் விடுதி உரிமையாளர் ஒருவர் உலர்மணலை வேலியிட்டுத் தம் விருந்தினருக்கு மட்டும் என்று ஒதுக்கினாராம். மக்கள் கொதித்தெழுந்தனர். 1967இல் மாநிலத்தின் கடற்கரை முழுதும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு உரியது என்று சட்டம் பிறந்தது. எங்கள் ஊர் வழக்கில் சொல்வதானால், கரை முழுதும் புறம்போக்கு. எங்கள் கண்மாய்ப் புறம்போக்குகளுக்கும் அப்படியொரு கொதிப்பு எழுந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

எங்கள் ஊரில் பாங்கொலி கேட்டோ கடிகாரம் பார்த்தோதான் நோன்பு திறப்போம். இங்கே பாங்கும் இல்லை, மறைக்க மரமோ கட்டடமோ இல்லை. ஏழரை மணிக்குமேல் மேகம் விலகி, சூரியன் நீரின் விளிம்பைத் தொட்டது. முழு வட்டமும் மறைவதை என் கண்ணாலேயே பார்த்து, பேரீச்சம்பழத்தை வாயிலிட்டேன். அன்றுவரை நேர அட்டவணையில் ஓர் எண்ணாக மட்டுமே இருந்தது மக்ரிப்.

கடல்நீரில் உளூச் செய்தேன். கால்கள் மரத்துப்போயின. பாயை விரிக்கும்போது உடல் தானாகவே மேற்கே, சூரியன் மறைந்த இடத்தை நோக்கித் திரும்பியது. ஆனால் அங்கிருந்து கிப்லா வடக்கு. அதிலிருந்து சற்றே கிழக்கு. பூகோள உருண்டையின் மேல் ஒரிகனிலிருந்து மக்காவுக்கு நூலொன்றை இழுத்துப் பிடித்தால் அது வடதுருவத்துக்கு அருகே வளைந்து செல்வதைக் காணலாம். ஆகவே கடல் எனக்கு இடப்பக்கம் ஆயிற்று.

அதில்தான் ஓர் ஆபத்து. கடலுக்கு முதுகு காட்டாதே என்பது அந்தக் கரையின் முதற்பாடம். அமைதியாக இருக்கும்போதே திடீரென்று ஓர் அலை வழக்கத்தைவிட வெகுதூரம் ஏறிவந்து ஆளை இழுத்துச் செல்லும். கரையில் கிடக்கும் பெருமரங்களையும் புரட்டிவிடும். ஸுஜூதில் நெற்றியை வைப்பவர் அலையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆன்ட்டி அச்சத்தோடு, அறைக்குப் போய்த் தொழலாமே என்றார். அங்கிளோ ஒன்றும் சொல்லாமல் எனக்கு இடப்பக்கம் பத்தடி தள்ளிப்போய், கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டார். ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை அவர் திரும்பவில்லை.

அறைக்கு வந்தபோது மேசையில் பெரிய நண்டுகள் வேகவைக்கப்பட்டிருந்தன. ஹலால் இறைச்சி கிடைக்காத இடத்தில், கடலுணவு முஸ்லிம்களுக்கு ஆகும் என்று எங்கோ படித்து, என் நோன்புக்காகவே விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். நானோ ஹனஃபி, எங்கள் மத்ஹபில் கடல்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும். அதை எடுத்துச் சொன்னபோது ஆன்ட்டியின் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால், கீழக்கரை மரைக்காயர்கள் ஷாஃபி மத்ஹபினர், அவர்கள் நண்டை விரும்பி உண்பார்கள் என்றேன். அங்கிள் கேலியின்றிக் கேட்டார்: “அப்படியானால் உங்கள் இறைவன் கடற்கரைக்கு வேறு சட்டம் வைத்திருக்கிறானா?”

இறைவனும் வேதமும் ஒன்றே, அதிலிருந்து சட்டத்தை விளங்கிக்கொண்ட இமாம்கள் வேறு என்றேன். அவர்களுடைய பள்ளிக்குப் போனால் அவர்களுக்குப் பின்னால் நின்றே நாங்கள் தொழுவோம் என்றும் சொன்னேன். ஆன்ட்டி சற்று யோசித்து, தங்கள் பைபிளின் பழைய ஏற்பாட்டிலும் துடுப்பும் செதிலும் இல்லாத நீர்வாழ் உயிர்கள் விலக்கப்பட்டிருப்பதையும், யூதர்கள் இன்றும் அதைக் கடைப்பிடிப்பதையும் அவருக்கு நினைவூட்டினார். பிறகு எழுந்துபோய் எனக்கு முட்டை பொரித்துக் கொண்டுவந்தார்.

அந்த ஒரு வேளைக்கு ஷாஃபி கருத்தைப் பின்பற்றியிருக்கலாமே என்று பின்னாளில் தோழியர் சிலர் கேட்டதுண்டு. வேறு உணவே இல்லாதிருந்தால் பேச்சு வேறு. ஒருவர் முகம் வாடாதிருப்பதற்காக மட்டும் மத்ஹபை மாற்றுவது எனக்கு ஒப்பவில்லை. விருந்தளித்தவரைச் சிறப்பிக்க வேறு வழிகள் உண்டு. மறுநாள் நானே அடுப்படியில் நின்று நோன்புக் கஞ்சி காய்ச்சினேன். அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்த வெந்தயமும் பாசிப்பருப்பும் என்னிடம் இருந்தன. பூண்டும் தேங்காய்ப்பாலும் அங்குள்ள கடையில் கிடைத்தன. கறி சேர்க்காத கஞ்சிதான். ஆயினும் மணம் ஊரை நினைவூட்டியது.

அன்று மாலை நால்வரும் குவளைகளில் கஞ்சியோடு சூரியன் இறங்கக் காத்திருந்தோம். முந்தைய நாள் மிஞ்சிய நண்டுச் சதையைப் பையன் ஒரு கிண்ணத்தில் கையோடு கொண்டுவந்திருந்தான். என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு, அதைத் தன் குவளையில் கொட்டிக் கலக்கிக் குடித்தான். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றான்.