நாலு வருஷ கோர்ஸ் படிக்கும் கடற்காகம்!

தனுஷ்கோடிக்கோ கோடியக்கரைக்கோ டூர் போறீங்களா பாஸ்? ஃப்ரெண்ட்ஸை எடுத்து முடிச்சதும் கேமராவைக் கொஞ்சம் கரைப் பக்கம் திருப்புங்க. டிசம்பர், ஜனவரி மாசங்களில் வெள்ளையா ஒரு கூட்டம் நிக்கும். 'ஏதோ கடல் பறவை'னு நகர்ந்துடாதீங்க. கடற்காகங்கள்! அதுல ஃப்ரெஷர்ஸும் உண்டு, சீனியர்ஸும் உண்டு.

முதல்ல, பழுப்புத்தலைக் கடற்காகம். திபெத், லடாக் ஏரிகளில் குஞ்சு பொரிச்சுட்டு, குளிருக்கு நம்ம கரைக்கு வருது. பேரை நம்பி பழுப்புத் தலையைத் தேடினா அவுட்! குளிர்காலத்தில் தலை வெள்ளையாகிடும். கண்ணுக்குப் பின்னால மை தொட்டு வச்ச மாதிரி ஒரு புள்ளிதான் மிஞ்சும். ஊருக்குக் கிளம்புற பிப்ரவரி, மார்ச்சில்தான் பழுப்பு முகமூடி திரும்பும்.

பக்கத்திலேயே கருந்தலைக் கடற்காகம் நிக்கலாம். அதுக்கும் இதே புள்ளி, இதே சிவப்பு அலகு. எப்படிப் பிரிக்கிறது? கண்ணைப் பாருங்க. வளர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிறிய கண், கருந்தலைக்குக் கறுப்புக் கண். ஆனா வால் நுனியில் கறுப்புப் பட்டை இருந்தா அது ஃபர்ஸ்ட் இயர். அந்த வயசில் ரெண்டுக்குமே கண் கறுப்புதான். அப்போ உடம்பைப் பாருங்க. பழுப்புத்தலை கொஞ்சம் பெரிசு, இறக்கை நுனியில் கறுப்பும் அதிகம்.

இந்தச் சின்ன இனங்களுக்கு ரெண்டு வருஷ கோர்ஸ். ஹியூக்லின், பல்லாஸ் மாதிரி பெரிய கடற்காகங்களுக்கு, நம்ம பி.இ. போலவே நாலு வருஷம்! முதல் வருஷம் உடம்பெல்லாம் பழுப்புத் திட்டு. ரெண்டாம் வருஷம் முதுகில் சாம்பல் எட்டிப் பார்க்கும். மூணாம் வருஷம் வாலில் கொஞ்சம் கறுப்பு அரியர்ஸ். நாலாவதில்தான் முழு யூனிஃபார்ம். காரணம் சிம்பிள். வளர்ந்து முடிஞ்ச இறகு நம்ம நகம் மாதிரி, உயிரில்லாதது. புது நிறம் வேணும்னா பழசு உதிர்ந்து புதுசு முளைக்கணும்.

'இதைத் தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது?'னு கேக்குறீங்களா? கூட்டத்தில் ஃபர்ஸ்ட் இயர் பறவைகள் வருஷா வருஷம் குறைஞ்சுட்டே வந்தா, எங்கோ ஒரு ஏரியில் குஞ்சுகள் பிழைக்கலையோனு சந்தேகப்படணும். திபெத்துக்குப் போகாமலே அந்தத் துப்பு நம்ம கரையில் கிடைக்கும். 2015-ல் தொடங்கின பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேணும்னாலும் சேரலாம். ஃபீஸ் கிடையாது, அட்டெண்டன்ஸும் கிடையாது!

ஒரே ஒரு ரூல். எந்த இனம்னு தெரியலைனா, 'கடற்காகம், இனம் தெரியலை'னே எழுதுங்க. எக்ஸாம் ஹால் மாதிரி அடிச்சுவிடாதீங்க. இங்கே தப்பான விடைக்கு மார்க் போறது உங்களுக்கு இல்லை, அந்தப் பறவைக்கு!