நியூட்ரலில் மிச்சமான ஐம்பது ரூபாய்

மே மாதத்தில் ஊட்டிக்குப் போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்தவர்கள். ஜனவரியில் போகிறவர்கள் எதற்கும் பயப்படாதவர்கள். நாங்கள் நாலு பேரும் இரண்டாவது ரகம்... ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி வரைக்கும்!

கார் என்னுடையது. செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் வண்டி. கூட வந்தவர்கள்: ஒரு பேங்க் கேஷியர், ஒரு மார்க்கெட்டிங் ஆசாமி, வாயைத் திறக்காத ஓர் இன்ஷூரன்ஸ்காரர். சனிக்கிழமை விடியற்காலை கோவையில் கிளம்பி, மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு செக்போஸ்ட்டில் போய் நின்றோம்.

“இ-பாஸ் இருக்குங்களா?”

திருதிருவென்று முழித்தோம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் ஆரம்பித்த ஏற்பாடு. உள்ளூர் டி.என். 43 வண்டிகளுக்கு வேண்டாம். மற்ற நம்பருக்கெல்லாம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து செல்போனில் ஐந்து நிமிஷத்தில் வாங்கியிருக்கலாம். ரோட்டோரத்தில் நின்று, சிக்னல் தேடி, கையைத் தூக்கித் தூக்கி வாங்கினோம். அதற்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் நாலும் பறிமுதல். நீலகிரியில் அதற்குத் தடை என்று போர்டே இருக்கிறது. நாங்கள்தான் போர்டு படிக்கிற ஜாதி இல்லையே!

கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதோ நாலாவதோ வளைவில் எதிரே ஒரு பஸ் இறங்கி வந்தது. பழக்கதோஷத்தில் நான் ஒதுங்கப் போனேன். பஸ் டிரைவர் மேலேயே நிறுத்திக்கொண்டு, ‘வா வா’ என்று கை காட்டினார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. குறுகலான இடத்தில் இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். இது பெருந்தன்மை இல்லை, சட்டம். காரணமும் நியாயமானது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்பும்போது பின்னால் உருளும். பின்னால் என்ன இருக்கிறது? பள்ளம்!

குன்னூர் தாண்டியதும் மூடுபனி. ஊரே வெள்ளை வேட்டி போர்த்திக்கொண்ட மாதிரி. நான் புத்திசாலித்தனமாக ஹெட்லைட்டை ‘பிரைட்’டில் போட்டேன். வேட்டி இன்னும் வெள்ளையானதுதான் மிச்சம். பனியில் இருப்பது பொடிப்பொடி நீர்த்துளிகள். பிரைட் வெளிச்சம் அதில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ‘டிம்’மில் போட்டால் வெளிச்சம் தாழ்ந்து ரோட்டில் விழும். இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெள்ளப் போகலாம். நாலு விளக்கும் கண்ணடிக்கிற ஹஸார்டு லைட்டை ஓடும்போது போடக்கூடாது. அது நின்ற வண்டிக்கு. அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால், நாம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது கடவுளுக்கு மட்டும்தான் தெரியும்.

ராத்திரி லாட்ஜில் பல் கிட்டிக்கொண்டது. “கொஞ்சம் கரி அடுப்பு கிடைக்குமா?” என்று கேட்டோம். வாட்ச்மேன் பெரியவர் முறைத்தார்.

“கதவைச் சாத்திக்கிட்டு கரி போட்டா காலையில யாரும் எந்திரிக்க மாட்டீங்க தம்பி. ரெண்டு கம்பளி தர்றேன்.”

கரிப்புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே கணக்கை முடித்துவிடும். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் தூங்கினாலும் இதே ஆபத்து உண்டு.

மார்க்கெட்டிங் ஆசாமி குளிருக்கு வேறு மருந்து சிபாரிசு செய்தார். “குடிச்சிட்டு லேக் பக்கம் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரலாம்” என்றார். இரண்டு நாளில் முதன்முதலாக இன்ஷூரன்ஸ்காரர் வாயைத் திறந்தார். “100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமைத் தாண்டினா கேஸ். முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் உள்ளே, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். வண்டி அடிபட்டா எங்க கம்பெனியும் காசு தராது.” மறுபடி வாயை மூடிக்கொண்டார். உள்ளே போனது சரக்கு இல்லை, சூடான பால்!

காலையில் ஜன்னலைத் திறந்தால், புல்லெல்லாம் உப்பைக் கொட்டின மாதிரி உறைபனி. கார் கண்ணாடியில் வெள்ளைத் தகடு. கேஷியர் கொதிக்கிற தண்ணீரோடு ஓடினார். பெரியவர் அதைவிட வேகமாக ஓடிவந்து தடுத்தார். ஜில்லிட்ட கண்ணாடியில் வெந்நீர் பட்டால் விரிசல் விட்டுவிடுமாம். இன்ஜினைப் போட்டு ஹீட்டர் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாகச் சுரண்டச் சொன்னார். கேஷியரின் ஏ.டி.எம். கார்டு வாழ்க்கையில் முதல்முறையாகப் பணம் செலவழிக்காமல் ஒரு வேலை செய்தது. அது முடிகிற வரைக்கும் நகரவில்லை. கண்ணாடியில் பொந்து மாதிரி ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு ஓட்டுவது தற்கொலை. வெயில் ஏறாத நிழல் வளைவுகளில் ரோடும் ஈரமாக, வழுக்கலாக இருக்கும்.

“கல்லட்டி வழியா மசினகுடி இறங்கலாமா?” என்றார் மார்க்கெட்டிங். 36 வளைவு, செங்குத்து இறக்கம். பெரியவர் தலையை ஆட்டினார். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. ஐந்து பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை என்றார். வந்த வழியே திரும்பினோம்.

இங்கேதான் என் பி.காம். மூளை வேலை செய்தது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 50 கிலோமீட்டர். 1,900 மீட்டர் இறக்கம். நியூட்ரலில் போட்டால் வண்டி தானாகவே உருளும். அரை லிட்டர் மிச்சம், ஐம்பது ரூபாய் லாபம்!

குன்னூர் தாண்டியதும் நியூட்ரல். வளைவுக்கு வளைவு பிரேக். நாலைந்து வளைவு நன்றாகத்தான் போனது. அப்புறம் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை.

எந்த வளைவு என்று கேட்காதீர்கள். போர்டு படிக்கிற நிலைமையில் இல்லை. இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஆகாயம். பின்சீட்டில் யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள். கியரை மூன்றுக்கும், பிறகு இரண்டுக்கும் தள்ளினேன். இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். பாறை ஓரத்துச் சாக்கடையில் இடது சக்கரம் இறங்கி, வண்டி நின்றது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

மேலே ஏறிக்கொண்டிருந்த லாரி நின்றது. அறுபது வயது டிரைவர் இறங்கி வந்து மோந்து பார்த்தார்.

“நியூட்ரலுங்களா தம்பி?”

தலையாட்டினேன். கேஷியர் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனார். “வேண்டாங்க, சூட்டுல டிஸ்க்கு கோணிக்கும். அரை மணி நேரம் சும்மா விடுங்க” என்றார். அப்புறம் பாடம் நடத்தினார். தொடர்ந்து மிதித்தால் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை விட்டுவிடும். பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகிவிடும். “ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். பிரேக்கு சும்மா தொட்டுத் தொட்டு விடத்தான்.” நிழல் வளைவு ஈரத்தில் ஒரேயடியாக மிதித்தால் வழுக்கும் என்றும் சொன்னார். டயர்களைப் பார்த்து உச்சுக் கொட்டினார். கார் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டராவது இருக்கணும் என்பது சட்டம். என்னுடையது மயிரிழையில் பாஸ்.

அரை மணி நேரம் கழித்து, இரண்டாவது கியரில், மாட்டு வண்டி வேகத்தில் மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தோம். மெக்கானிக் பேட், ஆயில் எல்லாம் மாற்றிவிட்டு இன்னொரு குண்டைப் போட்டார். இந்தக் காலத்து இன்ஜெக்‌ஷன் வண்டிகள், கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோலையே நிறுத்திவிடுமாம். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்குமாம்.

ஆக, வரவு: பூஜ்யம். செலவு: 4,200 ரூபாய். கிட்டத்தட்ட எழுதிவிட்ட இன்னொரு செலவு: நாலு பேர்.

வழிவிடு, விளக்கைத் தாழ்த்து, குடிக்காதே, டயரைப் பார்... எல்லாமே ஃபைனுக்குப் பயந்து செய்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன். மலை இறங்கும்போதுதான் தெரிந்தது, அதெல்லாம் யாரோ பெடல் பஞ்சானதற்கு அப்புறம் எழுதி வைத்தவை.

அடுத்த ஜனவரியிலும் ஊட்டிதான். இந்தத் தடவை எல்லா போர்டையும் படிக்கிற வேலையை இன்ஷூரன்ஸ்காரரிடம் கொடுத்திருக்கிறோம். மனிதர் வாய் மூடுவதே இல்லை!