பண்ணையார் குதிரையேறிய காலம்

1861, ஜூலை 21. அமெரிக்க உள்நாட்டுப் போர். வர்ஜீனியாவின் மனாசஸ் களத்தில் வேட் ஹாம்ப்டன் காயம்படுகிறார். வயது 43. ராணுவப் பள்ளியில் படித்தவர் அல்ல. தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் பருத்திப் பண்ணைகள் வைத்திருந்த பெருஞ்செல்வர். சொந்தப் பணத்தில் ஆயுதம் வாங்கி, தென் மாநிலங்களுக்காகத் தன் பெயரிலேயே ஒரு படை திரட்டி வந்திருக்கிறார். அந்தப் பணம் விளைந்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். அவரது நிலங்களில் விதைத்து, களையெடுத்து, பஞ்சு பறித்தவர்கள் நூற்றுக்கணக்கான அடிமைகள். அன்றைய தென் கரோலினாவில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகளே.

1863, ஜூன் 9. பிராண்டி ஸ்டேஷனில் குதிரைப்படைகள் மோதுகின்றன. தம்பி பிராங்க் சாகிறார். அடுத்த மாதமே கெட்டிஸ்பர்க்கில் ஹாம்ப்டனுக்குத் தலையில் வாள்வெட்டு.

1864, செப்டம்பர் 16. பீட்டர்ஸ்பர்க் முற்றுகையில் தென்படை பசியால் வாடுகிறது. ஜேம்ஸ் ஆற்றங்கரையில் வடபடைத் தளபதி கிராண்டின் படைக்கு இறைச்சிக்காக வைத்திருந்த மாட்டு மந்தை பற்றி ஒற்றர்கள் சொல்ல, எதிரியின் பின்புறமாகச் சுற்றிப்போய் விடியுமுன் பாய்கிறார் ஹாம்ப்டன். ஏறக்குறைய 2,500 மாடுகள்! அத்தனையையும் ஓட்டிக்கொண்டு, துரத்தி வந்தவர்களையும் தடுத்தபடி மறுநாள் தன் அணிக்குத் திரும்புகிறார். போரின் மிகத் துணிச்சலான குதிரைப்படைச் செயல்களில் இது ஒன்று என்பதில் ஐயமில்லை.

1864, அக்டோபர் 27. பர்ஜஸ் மில் சண்டையில் மகன் பிரஸ்டன் குண்டடிபட்டு இறக்கிறார். தம்பியைத் தூக்கப்போன மூத்த மகனுக்கும் குண்டு. தந்தை குனிந்து பிரஸ்டனை முத்தமிட்டுவிட்டுப் போர்முனைக்குத் திரும்புகிறார்.

1865, பிப்ரவரி 17. தென் கரோலினாவின் கொலம்பியா நகரம் எரிகிறது. ஹாம்ப்டன் குடும்பத்தின் மில்வுட் மாளிகையும் சாம்பல். தெருவில் குவித்த பருத்திக்குத் தீ வைத்தவர் ஹாம்ப்டன்தான் என்று வடபடைத் தளபதி ஷெர்மன் அறிக்கை எழுதினார். ஹாம்ப்டன் கடைசிவரை மறுத்தார். தென் கரோலினா மக்கள் அவர்மேல் வைத்திருந்த நம்பிக்கையைக் குலைக்கவே அப்படி எழுதியதாக ஷெர்மனே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

1868. திவால்.

1876. இதைத்தான் விரிவாகப் பேச வேண்டும். தென் கரோலினா ஆளுநர் தேர்தலில் ஹாம்ப்டன் வேட்பாளர். கருப்பின மக்களின் உரிமை பாதுகாக்கப்படும் என்று மேடைதோறும் வாக்குறுதி தருகிறார். அவருக்காக ஊர் ஊராகச் சென்ற 'செஞ்சட்டையினர்' துப்பாக்கியோடு வருகிறார்கள். ஜூலையில் ஹாம்பர்க் ஊரில் கருப்பின ஆண்களைப் பிடித்துவைத்துச் சுட்டுக் கொன்ற கொடுமை நடந்த ஆண்டு அது. எட்ஜ்ஃபீல்ட் மாவட்டத்தில் வாக்காளர் எண்ணிக்கையைவிட விழுந்த வாக்குகள் அதிகம். இரு தரப்பும் வெற்றி தமதே என்றதால் சில மாதங்கள் மாநிலத்துக்கு இரண்டு ஆளுநர்கள். 1877 ஏப்ரலில் அதிபர் ஹேஸ் அங்கிருந்த கூட்டாட்சிப் படையைத் திரும்பப் பெற்றதும் ஹாம்ப்டன் கைக்கு ஆட்சி முழுதாக வந்தது. மேடையில் அவர் தந்த சொல் நிலைக்கவில்லை. 1895ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு கருப்பின மக்களின் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்தது.

1902, ஏப்ரல் 11. ஹாம்ப்டன் மறைவு. நான்கு ஆண்டுகளில் கொலம்பியாவின் சட்டமன்ற வளாகத்தில் அவருக்குக் குதிரைச் சிலை வைத்தார்கள். அவரது வீரத்தைப் படிப்பவர்கள் 1876ஆம் ஆண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.