மாரியும் வாசற்படியும்

பனி பொழியும் தேசங்களிலே குளிர்காலம் நெருங்கும்போது மக்கள் விறகையும் உணவையும் சேமித்துக் கதவை இறுக்கிக் கொள்வர் என்று நூல்கள் கூறும். பொத்துவிலில் பனி இல்லை; மாரி உண்டு. கிழக்குக் கரை தன் ஆண்டு மழையின் பெரும்பகுதியை ஐப்பசி தொடக்கம் தை வரையிலான மாதங்களிலேயே பெற்றுவிடுகின்றது. வங்கக் கடலிற் பிறக்கும் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் கரையை நாடிவருவதும் இக்காலத்திலேதான். அறுகம்குடாவின் அலைகளை நாடி வந்த வெளிநாட்டார் மாரிக்கு முன்னரே ஊர் திரும்பிவிடுவர். அவர்கள் கண்டு சென்றது வெயிற் காலத்துப் பொத்துவிலை மட்டுமே. கார்த்திகை மாதத்தில் இவ்வூரின் வீடுகள் சிறுத்துவிடுகின்றன. முற்றம் மழைக்குப் போய்விடும். தாழ்வாரம் ஆடுகளுக்குப் போய்விடும். எஞ்சிய இரண்டு அறைகளுக்குள்ளே ஒரு குடும்பம் உண்டு, உறங்கி, தொழுது, சண்டையிட்டு, மழை விடும் வரைக்கும் வாழ்ந்தாக வேண்டும்.

அவ்வாறு வாழ்வதும் ஒரு தொழில் என்பதை இவ்வூர்ப் பெண்கள் அறிவர். அறுபத்தைந்து வயதான ஒரு மூத்தம்மாவின் வீட்டை உதாரணமாகக் கொள்ளலாம். புரட்டாதி முடியுமுன்னரே அவர் விறகைப் பிளப்பித்துப் பரணில் ஏற்றிவிடுவார். குசினியிலே எரிவாயு அடுப்பு இருக்கின்றது. ஆயினும் சிலிண்டர் தீர்ந்துபோவது எப்போதும் மழை நாளிலேதான் என்பது அவரது அனுபவம். அரிசியும் கருவாடும் தேங்காயும் நிலத்தில் படாமல் அடுக்கப்படும். தீப்பெட்டிகள், ஈரத்தை உறிஞ்சுவதற்கு ஒரு பிடி அரிசியோடு, மூடியுள்ள போத்தலுக்குள் இடப்படும். வெள்ளம் ஏறினால் முதலிற் கெட்டுப்போவது கிணற்று நீர் என்பதால் குடங்களும் வாளிகளும் முன்கூட்டியே நிரப்பப்படும். காணி உறுதி, அடையாள அட்டைகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் யாவும் ஒரு பழைய பிஸ்கட் தகரத்துள் அடங்கிக் குர்ஆன் இருக்கும் உயர்ந்த தட்டுக்குக் கீழே இருக்கும். இருட்டியபின் ஒரு விளக்காவது எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அவ்வீட்டின் சட்டம். வெள்ளத்திலே மனிதரைப் போலவே பாம்பும் உலர்ந்த இடந் தேடி வரும்.

இவ்வளவுக்கும் அந்த வீடு இப்போது அவருடையதன்று. கிழக்குக் கரையின் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் வீடு பெண்வழியே செல்வது நெடுநாளைய வழக்கம். குடி தாய்வழியாக வருவது போலவே வீடும் சீதனமாக மகளுக்குச் செல்லும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கே வந்து வாழ்வார். மூத்தம்மாவும் தன் தாயிடமிருந்து வளவைப் பெற்று, அதிலே கல்வீடு கட்டி, மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இனி அது பேத்திக்குரியது. சீதனத்தின் கொடுமைகளைப் பற்றி எழுதப்பட்டவை பல, அவை பொய்யுமல்ல. ஆனால் புயல் வரும்போது இவ்வழக்கத்தின் மறுபக்கமும் தெரிகின்றது. கூரையைக் காப்பதும், எப்போது அதனைக் கைவிட்டு ஓடுவது என்று தீர்மானிப்பதும் இங்கே பெண்ணின் அதிகாரத்துக்குட்பட்ட விடயங்கள்.

அந்த அதிகாரத்தை அவர் முதன்முதலிற் கண்டது தன் தாயிடத்திலே. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி கிழக்கைத் தாக்கிய சூறாவளிக்குப் பெயர் இல்லை. வட இந்து சமுத்திரத்துப் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் 2004இலேயே தொடங்கியது. ஆதலால் கிழக்கிலே அதனை இன்றும் வெறுமனே 'சூறாவளி' என்பர். பிள்ளை பிறந்த ஆண்டையும் காணி வாங்கிய ஆண்டையும் அதனைக் கொண்டு கணிப்பாரும் உளர். ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் அழிந்தன. மட்டக்களப்புப் பகுதியின் தென்னந்தோப்புகள் சரிந்து கிடந்தன. பொத்துவில் அதன் தெற்கே இருந்தது. மூத்தம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கிடுகு வேய்ந்த மண் வீடு. அன்று மாலை அவரது தாய் வாசலில் நின்று முகத்தைத் திருப்பித் திருப்பிக் காற்றைப் பார்த்தாராம். கார்த்திகையிலே வாடையோ கொண்டலோ வீச வேண்டும். அன்று காற்று கச்சானின் திக்கிலிருந்து, காட்டுப்புறமிருந்து வந்தது. வட அரைக்கோளத்திலே சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்வதால், அதன் மையம் வடக்கே கரையைக் கடக்கும்போது தெற்கேயுள்ள ஊருக்கு மேற்குக் காற்றே வீசும் என்பதைப் புவியியல் மாணவர் அறிவர். அந்தத் தாய் அதனை அறியார். 'காலத்துக்கு ஒவ்வாத காத்து' என்று மட்டுமே சொன்னார். கிடுகு பறந்த பின்னும் அவர் பிள்ளைகளை வெளியே விடவில்லை. சுவரிலே கையை வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார். மண் சுவர் கரைந்து கையோடு வந்தபோதுதான், பிஸ்கட் தகரத்தை இடுப்பிலே கட்டிக்கொண்டு, வேலியைப் பிடித்தபடி ஐம்பது அடி தொலைவிலிருந்த கல்வீட்டுக்கு எல்லோரையும் நடத்திச் சென்றார்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி புயலின் அறிகுறி எதுவுமின்றிக் கடல் ஏறி வந்தபோது தங்குவதா போவதா என்று ஆராய்வதற்கு எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. மூத்தம்மா ஓடினார், பிழைத்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

மூன்றாவது சந்தர்ப்பம் 2024 நவம்பரின் கடைசி வாரத்தில் வந்தது. பின்னர் பெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் இலங்கையின் கிழக்குக் கரையோரமாக நகர்ந்து கொண்டிருந்தது. அம்பாறை மாவட்டமெங்கும் வெள்ளம். க.பொ.த. உயர்தரப் பரீட்சை 25ஆம் திகதி ஆரம்பமாகியிருந்தது. பேத்தி அதற்குத் தோற்றிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழக வாசலை மிதித்த எவருக்கும் அப்பரீட்சை இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. 26ஆம் திகதி அவள் முழங்காலளவு நீரிலே நடந்து வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் அவளுடைய முக்கிய பாடம். வீட்டுக்கும் பரீட்சை மண்டபத்துக்கும் இடையே ஒரு தாழ்ந்த வீதி இருக்கின்றது. அதன்மேல் நீர் ஏறிக்கொண்டிருந்தது.

அஸர் தொழுகையின் பின்னர் மருமகனின் தம்பி உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். மருமகன் கட்டாரிலே, அவர் தொலைபேசியிற் பேசி ஏற்பாடு செய்திருந்தார். இரவே பிள்ளையை அக்கரையிலுள்ள உறவினர் வீட்டிற் சேர்த்துவிட்டால் காலையிற் கவலையில்லை என்பது எல்லோரதும் எண்ணம். பேத்தி சீருடையைப் பொலித்தீன் பையிலே சுற்றி ஆயத்தமாக நின்றாள்.

மூத்தம்மா பொச்சுமட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு நனைந்தபடி வீதிக்குச் சென்றார். தாழ்ந்த இடத்து நீரிலே அதனைப் போட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றி, மனிதர் நடக்கும் வேகத்தினும் விரைந்து, களப்புப் பக்கமாகப் போய் மறைந்தது. திரும்பி வந்து வாசற்படியிலே குந்திக்கொண்டார்.

"நிண்ட தண்ணி வேற, ஓடுற தண்ணி வேற. பிள்ளை போகமாட்டாள்."

"ஒரு வருசம் வீணாப் போனா ஆரு உம்மா பொறுப்பு?" என்றாள் மகள்.

"வருசம் திரும்பி வரும், மகள்."

மகள் அதன்பின் பேசவில்லை. பேத்தி அழுதாள். இயந்திரம் கொண்டுவந்தவர், இத்தனை பெரிய சில்லைத் தண்ணீர் என்ன செய்யும் என்று முணுமுணுத்தபடி திரும்பிச் சென்றார். அவரைக் குறைகூறுவதற்கில்லை, உதவி செய்ய வந்தவர் அவர். ஆனால் இரண்டடி ஆழத்தில் விரைந்தோடும் நீர் பெரும்பாலான மோட்டார் வாகனங்களை நகர்த்திவிடப் போதுமானது. உழவு இயந்திரம் பாரமாயினும் அதன் பின்னால் இழுபடும் பெட்டியை நீர் பக்கவாட்டில் தள்ளிவிடும். வீதியின் விளிம்பு எங்கே முடிகின்றது என்பது கலங்கிய நீரிலே எவர் கண்ணுக்கும் தெரியாது.

மஃரிபுக்குப் பின்னர் தொலைபேசிகளிலே அந்தச் செய்தி வந்தது. வடக்கே, காரைதீவு மாவடிப்பள்ளியில், மதரஸா மாணவர்களை ஏற்றிக்கொண்டு வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரத்தின் பெட்டி அடித்துச் செல்லப்பட்டிருந்தது. விடுமுறை கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள். அவர்களுட் பலரின் சடலங்கள் அடுத்து வந்த நாட்களிலே மீட்கப்பட்டன. அச்செய்தி வந்தபின் அவ்வீட்டில் எவரும் எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மகள் எழுந்து போய்த் தாயின் நனைந்த சேலைக்கு மாற்றுச் சேலை எடுத்து வந்து கொடுத்தாள்.

வீட்டைவிட வீதியே கொடியது என்பது மாரிக்கு மட்டும் உரியதன்று. சூறாவளி வீசிய அதே 1978ஆம் ஆண்டின் பெப்ரவரியிலே அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைப் பனிப்புயல் தாக்கியது. வேலைத்தலங்களிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தோரின் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் ஒரே நெடுஞ்சாலையிற் புதைந்தன. உள்ளேயிருந்தோரிற் சிலர் தம் வாகனங்களின் நச்சுப் புகையாலேயே இறந்தனர். பனியாயினும் நீராயினும், வீட்டை அடைய வேண்டும், அல்லது வீட்டிலிருந்து போயாக வேண்டும் என்ற அவசரமே மனிதரை அதன் நடுவே கொண்டு நிறுத்துகின்றது.

அன்றிரவு மின்சாரம் இல்லை. பின்வாசல் வழியாகக் குசினிக்குள் நீர் வந்தது. கட்டில்கள் இரண்டையும் நெருக்கிப் போட்டு, ஆடுகளை உள்ளே எடுத்து, எல்லோரும் மேலே ஏறியிருந்தனர். மூத்தம்மா மண்ணெண்ணெயை இரண்டு போத்தல்களிலே வைத்திருந்தார். ஒன்று வீட்டுக்கு. மற்றது படிப்புக்கென்று மாரி தொடங்குமுன்பே ஒதுக்கி வைத்தது. அதனை அவர் பேத்தியின் முன்னே வைத்தார். பேத்தி நெடுநேரம் அதனைத் தொடவில்லை. பின்னர் விளக்கை ஏற்றிக் குறிப்புகளை எடுத்தாள். 27ஆம் திகதி முதல் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது என்ற அறிவித்தல் அவர்களை வந்தடைந்தபோது அவள் அந்த விளக்கின் முன்னேயே உறங்கிப்போயிருந்தாள்.

அறிவித்தலைக் கொண்டு மூத்தம்மா சொன்னதே சரி என்று அயலார் பின்னர் பேசிக்கொண்டனர். அது பொருத்தமான பேச்சன்று. வாசற்படியிலே குந்தியபோது பரீட்சை ஒத்திவைக்கப்படும் என்று அவருக்குத் தெரியாது, மாவடிப்பள்ளியும் தெரியாது. பேத்தியின் ஒரு வருடத்தை, ஒருவேளை அவளுடைய பல்கலைக்கழக வாய்ப்பையே, தாம் பறிக்கின்றோம் என்று தெரிந்தே அவர் குந்தினார். ஒரு பொச்சுமட்டையே அவர் கண்ட சாட்சி. பரீட்சை நடந்திருந்தாலும் அவர் எழுந்திருக்க மாட்டார். பேத்தி அவரை மன்னித்திருப்பாளோ என்பது வேறு விடயம்.

ஒத்திவைப்பு மேலும் நீடிக்கப்பட்டு டிசெம்பர் 4ஆம் திகதி பரீட்சை மீண்டும் தொடங்கியது. அதிகாலையிலே பிஸ்கட் தகரம் திறக்கப்பட்டது. காணி உறுதிக்கும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கும் நடுவே பரீட்சை அனுமதி அட்டை உலர்ந்தபடி இருந்தது. தாழ்ந்த வீதியிலே சேறு மாத்திரமே எஞ்சியிருந்தது. பேத்தி சப்பாத்துகளைக் கையிற் பிடித்துக்கொண்டு அதனைக் கடந்தாள். மூத்தம்மா அவள் மறுபக்கம் ஏறும் வரை நின்று பார்த்தார். பின்னர் வீட்டுக்கு வந்து, நனைந்த பன்பாய்களை வேலியிலே விரித்தார். பரணை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த மழைக்கு விறகு காணாது என்று மகளிடம் சொன்னார்.