வலது காலா, இடது காலா

அன்று எனக்குக் கால் பிடித்துக்கொள்ளவே இல்லை. கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் பாதி வழியில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வரப்போரம் உட்கார்ந்தது சுத்த நடிப்பு. பி.டி. சாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, மனைவிக்கு இன்றுவரை தெரியாது.

காந்திகிராமத்தில் கிளம்பி, சிறுமலையைப் பார்த்தபடி தோட்டங்களுக்குள் புகுந்து திரும்பும் பாதை. 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ராமச்சந்திரனும் தொடங்கிய இடம். காந்தி பெயர் வைத்த மண்ணிலேயே பொய் சொன்னேனே என்று உருகினால் படிப்பவர்களுக்குப் பிடிக்கும். அன்று எனக்குக் காந்தி நினைவே வரவில்லை. முன்னால் போன பையனின் குதிகால்தான் கண்ணில் நின்றது.

செம்மண் அப்பிய வெறுங்கால். என்னைவிட ஒரு சாண் குட்டை. மலையிலிருந்து வந்தவன் என்று பிறகு சொன்னார்கள். மேட்டில் நான் வாய் பிளந்து மூச்சு வாங்க, அவன் வாயைத் திறக்காமலே தாண்டிப் போனான். என் காலிலோ புதுக் கேன்வாஸ் ஷூ. முதல் மூன்றுக்குள் வருவேன் என்று வகுப்பு முழுக்க அளந்துவிட்டிருந்தேன். இன்னும் இரண்டு பேர் தாண்டினார்கள். எட்டாவதாகப் போய் நிற்பதைவிட அடிபட்டவனாகத் திரும்புவது மரியாதை என்று ஓடிக்கொண்டே கணக்குப் போட்டேன். மூச்சு முட்டினாலும் புத்தி மட்டும் எவ்வளவு தெளிவாக வேலை செய்கிறது பாருங்கள்.

கிராஸ் கன்ட்ரியில் தனி ஆளுக்கு மட்டுமல்ல, அணிக்கும் பரிசு உண்டு. ஒவ்வொருவரும் வந்த இடத்தைக் கூட்டுவார்கள்; கூட்டுத்தொகை குறைந்த அணிக்குக் கோப்பை. எங்கள் பந்தயத்தில் நான்கு பேர் முடித்தால்தான் அணி. எங்கள் பள்ளியில் தேறியதே நான்கு பேர்தான்.

எனக்குப் பின்னால் வந்த நான்காமவன் சின்னாளபட்டித் தறிக்காரர் வீட்டுப் பையன். கையில் எப்போதும் பாவுக்குப் போடும் கஞ்சி வாடை. ஓட்டத்தை நிறுத்தி, அந்தக் கையால் என் கையைப் பிடித்து இழுத்தான். "எந்திரிடா, நடந்து வந்தாக்கூடப் போதும்." நான் வலது காலைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். அவன் ஓடினான். எனக்காக நின்ற நேரத்தில் அவனையும் சிலர் முந்திவிட்டார்கள்.

1924 பாரிஸ் ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரியைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். கொளுத்தும் வெயிலில் 38 பேர் கிளம்பி 15 பேர்தான் முடித்தார்கள். அணிக்கு மூன்று பேர் வேண்டும். பின்லாந்தின் பாவோ நூர்மி முதலாவது, ரிடோலா இரண்டாவது. மூன்றாமவரான லீமாட்டைனன் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளாடி நின்றேவிட்டார். பிறகு எப்படியோ நடந்து கோட்டைக் கடந்தார். பன்னிரண்டாவது இடம். அணித் தங்கம் பின்லாந்துக்கு. நூர்மியின் வெற்றியைவிட அந்தப் பன்னிரண்டாவது இடம்தான் என்னைக் குத்துகிறது. நான் எட்டாவதாக வந்திருந்தால் எங்களுக்குக் கோப்பை. அன்று ராத்திரியே கூட்டிப் பார்த்துவிட்டேன்.

பி.டி. சார் தைலம் தேய்த்து, கட்டைவிரலை மடக்கி நீவிவிட்டார். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். எல்லோரும் "பாவம், வர வேண்டியவன்" என்றார்கள். கேட்கச் சுகமாக இருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை. சாயந்தரம் பஸ்ஸுக்கு நொண்டிக்கொண்டே போனபோது தறிக்காரர் மகன் என் காலையே பார்த்தான். நொண்டியது இடது கால். ஒன்றும் கேட்காமல் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். கேட்டிருந்தால் அங்கேயே சண்டை போட்டு முடித்திருப்பேன்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் புதுக்கோட்டை லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடுபாதையின் உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததற்காக வெண்கலத்தை இழந்தார். டிவியில் செய்தியைப் பார்த்த என் மகன், "உனக்கும் இப்படித்தானப்பா, கால்னால போச்சு" என்றான். ஆமாம் என்றேன். கடைசி வரை ஓடி முடித்த மனிதரின் பக்கத்தில் கூசாமல் போய் உட்கார்ந்துகொண்டேன்.

தறிக்காரர் மகனைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவ்வப்போது பார்ப்பேன். போன தடவை டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "கால் இப்ப எப்படிடா இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டான்.

"மழை நாள்ல லேசா வலிக்கும்" என்றேன்.