கடலும் கடையும் கால்நடைத் தூரத்தில்

மடவளையில் வாழும் எங்களுக்குக் கடல் தூரம். எந்தக் கரைக்குப் போவதென்றாலும் மலையை விட்டு இறங்கிப் பல மணித்தியாலம் பயணம் செய்ய வேண்டும். வேன் பிடித்துப் போகும் வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் கிடையாது. அதிலும் யுத்தத்தில் கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் பெண்கள், கடற்கரை விடுமுறை என்றால் "அது எங்களுக்கு எதற்கு?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பஸ்ஸில் போயும் பிள்ளைகளோடு நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம். அதற்குத் தங்குமிடத்தைச் சரியாகத் தெரிவு செய்ய வேண்டும். எங்கள் அனுபவம் மற்றச் சகோதரிகளுக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் எட்டுப் பேர் போனோம். உம்மா, நான், தங்கச்சி, எங்கள் இருவரின் பிள்ளைகள் ஐவர். தங்கச்சி மூதூரில் வாழ்க்கைப்பட்டவள். 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டு சனங்கள் கால்நடையாகக் கந்தளாய்ப் பக்கம் வெளியேறிய நாட்களில் கணவனைப் பறிகொடுத்தாள். கந்தளாயில் ஒரு பாடசாலையில் சில வாரங்கள் இருந்துவிட்டு, மூன்று வயது மகளோடும் கைக்குழந்தையோடும் மடவளைக்கு வந்து சேர்ந்தாள். அதன்பிறகு அவள் கடலைப் பார்க்கவேயில்லை. வளர்ந்துவிட்ட அவளுடைய பிள்ளைகளுக்கோ வாப்பாவின் ஊரை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை.

எந்தக் கரைக்குப் போவது என்பதை மாதம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஹிக்கடுவை, உணவட்டுன போன்ற தெற்குக் கடற்கரைகளுக்கு வாகனம் இல்லாமல் போவது இலகு. கண்டியிலிருந்து கொழும்பு கோட்டைக்குப் போய், அங்கே கரையோரப் புகையிரதத்துக்கு மாறினால் போதும். ஆனால் தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை அந்தப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரைதான் அங்கே நல்ல காலம். கிழக்கில் இது மறுதலை. ஆகஸ்டில் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

சிறு பிள்ளைகளுக்குப் பாசிக்குடா மிகவும் ஏற்றது. வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவைத் தாண்டாது. பொலன்னறுவை வழியாக வாழைச்சேனைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் போகலாம். யுத்தம் முடிந்தபின் குடாவின் கரையோரம் பெரிய ஹோட்டல்கள் எழும்பிவிட்டன. எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் அறைகள் கரையை விட்டுச் சற்று உள்ளேதான் கிடைக்கும். எங்களுக்கு மூதூருக்கும் போய்வர வேண்டியிருந்ததால் திருகோணமலையைத் தெரிவு செய்தோம்.

கண்டியிலிருந்து திருகோணமலைக்கு மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகப் பஸ் போகிறது. ஏறக்குறைய 180 கிலோமீற்றர். மடவளையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போய் வழியில் ஏறலாம் என்று சிலர் சொன்னார்கள். எட்டுப் பேருக்கு ஆசனம் வேண்டுமானால் கண்டிக்கே போய், பஸ் புறப்படும் இடத்தில் ஏறுவதுதான் புத்தி. எசல பெரஹெரா நாட்களில் கண்டியில் வீதிகளை மூடுவார்கள், சனமும் நெரிசலாக இருக்கும். அந்த நாட்களைத் தவிர்த்துக்கொண்டால் நல்லது.

தங்குமிடத்துக்கு வருகிறேன். எங்கள் முன் மூன்று இடங்கள் இருந்தன. முதலாவது, திருகோணமலை நகரில் பஸ் நிலையத்துக்கு அண்மையில் ஒரு விடுதி. வாடகை குறைவு. ஆனால் இரண்டு அறைகளும் வெவ்வேறு மாடியில். குளிக்கப் போவதென்றால் தினமும் எட்டுப் பேரும் பஸ் ஏற வேண்டும். இரண்டாவது, நகரிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீற்றர் வடக்கே நிலாவெளியில் ஒரு ஹோட்டல். படத்தில் பார்க்க மிக அழகு, கடல் ஜன்னலிலேயே தெரிகிறது. விசாரித்துப் பார்த்தால், பிரதான வீதியில் இறங்கி மணல் ஒழுங்கையில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். அருகில் கடை இல்லை. மூன்று வேளையும் அவர்கள் விலைக்குச் சாப்பிட வேண்டும். முழங்கால் வருத்தக்காரியான உம்மாவை அந்த மணலில் நடத்திப் போக முடியாது.

மூன்றாவது, நகரிலிருந்து நாலைந்து கிலோமீற்றர் தூரத்தில், உப்புவெளிக்கும் அலஸ்தோட்டத்துக்கும் இடையில் ஒரு சிறு வீடு. நிலாவெளி வீதிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. இரண்டு அறை, ஒரு குசினி, முற்றத்தில் கிணறு. வீட்டுக்காரப் பெண்மணி பின்புறம் குடியிருக்கிறார். ஜன்னலில் கடல் தெரியாது, ஆனால் ஐந்து நிமிடம் நடந்தால் கரை. மறுபக்கம் அதேயளவு நடந்தால் பஸ் வீதியும் பலசரக்குக் கடையும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போகும் பஸ்கள் எல்லாம் அந்த வீதியால்தான் போகின்றன. இந்த வீட்டையே எடுத்தோம்.

முற்பணம் அனுப்புமுன் நான் தொலைபேசியில் கேட்ட கேள்விகளைச் சொல்கிறேன். வாடகை ஆளுக்கா, முழு வீட்டுக்கா? மேலதிக மெத்தைக்குத் தனிக் காசா? அறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? மலசலகூடம் வீட்டுக்குள்ளா, வெளியிலா, வயதானவர் இருந்து எழும்பக்கூடியதா? கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பா, குடிதண்ணீர் எங்கே எடுப்பது? அடுப்பும் சட்டி பானையும் தருவார்களா? அதே வளவில் வேறு யாரும் தங்குவார்களா, குடித்துவிட்டுச் சத்தம் போடுவார்களா? இரவில் ஒழுங்கையில் வெளிச்சம் உண்டா? நகரிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு? வர முடியாமற் போனால் முற்பணம் திரும்பக் கிடைக்குமா?

இவற்றைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. ஒழுங்காக நடத்துபவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். எரிந்து விழுந்தால் அந்த இடம் வேண்டாம் என்று விட்டுவிடலாம். "கடற்கரைக்கு 200 மீற்றர்" என்று விளம்பரத்தில் இருந்தால், அது நேர்கோட்டுத் தூரமா, நடக்கும் பாதையா என்று கைத்தொலைபேசி வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் எல்லோரும் தேசிய அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள்.

இன்னொன்றும் கேட்டேன். 2004 டிசம்பர் 26இல் கடல் அந்தக் கரை முழுவதையும் அடித்துப் போனது. ஏதும் நடந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்டதும், வீட்டுக்காரப் பெண்மணி கோபிக்காமல் பாதையை விளங்கப்படுத்தினார். போய் இறங்கிய அன்றே பிள்ளைகளை அந்தப் பாதையால் ஒரு தரம் நடத்திக் காட்டினோம். கடலுக்குப் பயந்த மனதுக்கு அது ஒரு தைரியம்.

அந்த வீட்டின் அருமை இரண்டாம் நாளே விளங்கியது. வேனில் போனால் எல்லோரும் ஒன்றாகப் போய், ஒன்றாகக் காத்திருந்து, ஒன்றாகத்தான் திரும்ப வேண்டும். இங்கே அப்படியில்லை. விடிய சுபஹு தொழுதுவிட்டுப் பெண்கள் நாங்கள் சனமில்லாத நேரத்தில் குளித்தோம். வெயில் ஏறியதும் உம்மா தானாகவே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். தங்கச்சி முதல் நாள் கரைக்கு வந்து பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனாள், யாரும் தடுக்கவில்லை. பின்னேரம் தானே வந்து மணலில் இருந்தாள். மூன்றாம் நாள் காலை நனைத்தாள்.

ஒரு நாள் அவளும் பிள்ளைகளும் மாத்திரம் மூதூருக்குப் போனார்கள். வாசலிலேயே பஸ் ஏறி நகருக்குப் போய், அங்கிருந்து கிண்ணியா வழியாக மூதூர் பஸ். முன்பு கிண்ணியாவில் பாதையில் ஏறி நீரைக் கடக்க வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளமான பாலம் திறந்தபின் அந்தக் கஷ்டம் இல்லை. தாங்கள் வாழ்ந்த வளவையும், வாப்பா தொழுத பள்ளிவாசலையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு மஃரிபுக்கு முன் வந்து சேர்ந்தாள். மகள் அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்திருந்தாள். அன்றிரவு தங்கச்சி மூதூரைப் பற்றி நெடுநேரம் கதைத்தாள். இத்தனை வருடத்தில் எங்கள் பிள்ளைகள் அந்தக் கதைகளைக் கேட்டதில்லை.

முகாமில் இருந்த பெண்களுக்குத் தெரியும், வெளியே போக, உள்ளே வர இன்னொருவரைக் கேட்டு நிற்பது எப்படிப்பட்டதென்று. விடுமுறையிலாவது ஒவ்வொருவருக்கும் தன் காலால் போகவும் திரும்பவும் முடிய வேண்டும். ஆகவே அறையின் அழகைப் பார்ப்பதற்கு முன், கடல், கடை, பஸ் மூன்றும் வீட்டில் மூத்தவர் நடக்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செலவையும் சொல்ல வேண்டும். மடவளையில் வேனுக்குக் கேட்ட கூலி, எங்கள் நாலு நாள் வாடகையையும் பஸ் காசையும் சேர்த்த தொகையைவிடக் கூட. அரிசி, பருப்பு, கருவாடு, தூள் வகைகளை வீட்டிலிருந்தே கொண்டுபோனோம். மீனை மட்டும் அங்கே வாங்கினோம். நானும் தங்கச்சியும் மாதாமாதம் சிறு சீட்டுக் கட்டி இந்தப் பணத்தைச் சேர்த்தோம். நாலைந்து பெண்கள் சேர்ந்து இன்றே ஒரு சீட்டைத் தொடங்கினால், அடுத்த ஆகஸ்டில் உங்கள் பிள்ளைகளும் கடலில் கால் நனைக்கலாம்.