நிழல் தரும் சிறகுகள்

பறவைகளைப் படமெடுப்பவனிடம் எல்லோரும் முதலில் கேட்பது, 'என்ன லென்ஸ்?' என்பதுதான். 'எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?' என்று எவரும் கேட்பதில்லை. விடுமுறை நாள்களில் 400 மி.மீ. லென்ஸுடன் குளக்கரைகளில் திரிகிறவன் என்ற முறையில், இரண்டாவது கேள்வியே முதன்மையானது என்பேன்.

சங்கப் பாடல்களுக்கு உரை எழுதியோர் பலர், பறவைப் பெயர் வருமிடத்தில் 'ஒருவகைப் பறவை' என்று எழுதிக் கடந்துவிடுவர். வகுப்பில் நானும் அதையே சொல்லி வந்தேன். நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை சொன்ன சத்திமுத்தப் புலவரின் கண்கூர்மை எனக்குப் புலப்பட்டது நிகண்டினால் அல்ல. நாரையொன்றின் அலகைக் கேமராவின் வழியே நெடுநேரம் பார்த்திருந்தபோதுதான். இந்தப் பொழுதுபோக்குக்கு நான் பட்ட கடன் அது.

ஆனால் இதற்கு வேறொரு முகமும் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வருமிடம். மஞ்சள்மூக்கு நாரைகளோ குளத்து மரங்களோடு நில்லாமல், ஊருக்குள் வீட்டு மரங்களிலும் கூடு கட்டுகின்றன. ஓர் ஏப்ரல் நண்பகலில் அங்கே நின்றிருந்தேன். தாய்ப்பறவை வெயிலுக்கு முதுகு காட்டிச் சிறகுகளைக் குடைபோல் விரித்து நிற்க, அந்நிழலில் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடந்தன. அப்போது வந்த ஒரு குழுவினர், பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டினர். ஒன்று எழ, மரமே எழுந்தது. குடை போன கூட்டில் குஞ்சுகள் வாய்பிளந்து இரைத்தன. பக்கத்துக் கிளையில் காகம் வந்து அமர்ந்தது.

வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி தலை நிமிராமலே கேட்டார்: "ஏ தம்பி, பிள்ள பெத்த வீட்டு வாசல்ல வந்து கொட்டடிப்பியளா?"

அவர்கள் சிரித்தபடி நகர்ந்தனர். நாரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

கைதட்டல் ஒரு வழி மட்டுமே. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணி ஆண்பறவை இரைதேடலைக் கைவிட்டு ஓடி வருகிறது. படம் தெளிவாக விழக் கூட்டை மறைக்கும் இலைகளைக் கழித்தால், கேமராவுக்குத் தெரிவது வல்லூறுக்கும் தெரிகிறது. இவை எதுவும் படத்தில் பதிவதில்லை. பார்ப்பவர் அழகை மட்டுமே காண்கிறார்.

தமிழிலும் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு சொடுக்குக்கும் விலை இருந்தது. அவ்விலையே ஒரு நிதானத்தைத் தந்தது. இன்று நொடிக்கு 20 படங்கள் எடுக்க இயலும். நிதானத்தை இனிக் கருவி தராது. நாமே கொண்டுசெல்ல வேண்டும்.

கூடுகளை நான் படமெடுப்பதில்லை. என் தொகுப்பைப் புரட்டும் மாணவர்கள், "குஞ்சு படம் ஒன்றுகூட இல்லையே, ஐயா?" என்று கேட்பதுண்டு. அந்த மூதாட்டியின் கேள்வியை அவர்களிடம் சொல்வேன். உரை தேவைப்படாத தமிழ் அது.